அமைச்சர் 'நிரபராதி', நெசவாளி 'திருடன்'? குற்றம் நிரூபிக்கப்படும் வரை உங்க வேலைக்கு என்ன பாதுகாப்பு?

2025 ஏப்ரல் கடைசி வாரம். ஆரணியில பெரியப்பா வீட்டுத் தறிக்குப் பக்கத்துல உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கிட்டு இருந்தோம். அமைச்சர் செந்தில் பாலாஜி ராஜினாமா செய்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது. விவாதத்தில் ஒருவர் திரும்பத் திரும்ப ஒரே வரியைச் சொன்னார்: குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதிதான்.

பெரியப்பா தறியை நிறுத்திட்டு கேட்டார்: "ஏம்மா, இது அமைச்சருங்களுக்கு மட்டும்தான் சட்டமா? எனக்கு யாரும் இப்படிச் சொல்லலையே?"

அவர் கதை எங்க குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன் அவர் நெய்து கொடுத்த ஒரு பட்டுப்புடவை, எடை போட்டபோது 20 கிராம் குறைந்தது. கூலி நெசவில் பட்டு நூலையும் ஜரிகையையும் முதலாளி எடை போட்டுத்தான் கொடுப்பார். புடவை முடிந்ததும் எடை போட்டுத்தான் வாங்குவார். அன்று முதலாளி திட்டவில்லை, போலீஸுக்குப் போகவில்லை, ஒரு பேப்பரும் கொடுக்கவில்லை. "பாவு இப்ப இல்ல, வந்ததும் சொல்லி அனுப்புறேன்" என்றார். அந்த அடுத்த பாவு வரவே இல்லை. விஷயம் தெருவில் பரவி, வேறு இடத்திலும் நாலு மாசம் பாவு கிடைக்கவில்லை. அவர் எடுத்தாரா, எடுக்கலையா என்று இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை.

பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், அது நம்ம எல்லோருடைய வேலையையும் தொடுகிற கேள்வியாக இருக்கிறது. உங்க மேல ஆபீஸில் ஒரு புகார் வந்தால், அல்லது ஒரு எஃப்.ஐ.ஆர். பதிவானால், தீர்ப்பு வரும்வரை உங்க வேலை பத்திரமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, அந்த வரி எங்கிருந்து வந்தது?

'நிரூபிக்கப்படும் வரை நிரபராதி' என்பது குற்றவியல் நீதிமன்றத்தின் விதி. 1948-ல் ஐ.நா. வெளியிட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 11-வது பிரிவு இதைச் சொல்கிறது. நம் அரசமைப்புச் சட்டத்தில் இந்த வார்த்தைகள் அப்படியே கிடையாது. ஆனால், உயிர் வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் தரும் 21-வது பிரிவோடு சேர்த்தே நீதிமன்றங்கள் இதைப் பார்க்கின்றன.

காரணம் எளிது. அரசாங்கம் ஒருவரைச் சிறையில் போட முடியும். அவ்வளவு பெரிய அதிகாரம் கையில் இருப்பவர், நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். சந்தேகம் மிச்சமிருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான்.

ஆபீஸ் விசாரணையில் அளவுகோல் வேறு. அங்கே சிறைத்தண்டனை இல்லை. அதனால், 'எது நடந்திருக்க அதிக வாய்ப்பு' என்று பார்த்தாலே போதும். ஒரு கடையில் கல்லாப்பணம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைத்த சாட்சியங்களை வைத்து 'இவர்தான் எடுத்திருக்க வேண்டும்' என்று நியாயமான முடிவுக்கு வர முடிந்தால், நிர்வாகம் நடவடிக்கை எடுக்கலாம். அதே சாட்சியம் கோர்ட்டில் தண்டனை வாங்கித்தரப் போதாமல் போகலாம்.

ஆக, 'கேஸ் முடியலை, என் மேல கை வைக்க முடியாது' என்பதும் சரியில்லை. 'எஃப்.ஐ.ஆர். வந்துடுச்சு, நாளையிலிருந்து வராதே' என்பதும் சரியில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நடைமுறை இருக்கிறது. அது யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் பிரச்னையே.

அமைச்சருக்கு என்ன விதி?

அமைச்சர் யாருக்கும் ஊழியர் இல்லை. அவருக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது, சஸ்பெண்ட் ஆர்டரும் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 164-வது பிரிவின்படி முதலமைச்சரின் ஆலோசனையில் ஆளுநர் அவரை நியமிக்கிறார். கைதானால் பதவி போகும் என்று அதில் எங்கேயும் இல்லை.

பதவி போவது தண்டனைக்குப் பிறகுதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-வது பிரிவின்படி, 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றால் எம்.எல்.ஏ., எம்.பி. தகுதி போய்விடும். முன்பு மேல்முறையீடு செய்து தப்பிக்க வழி இருந்தது. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2014 செப்டம்பர் 27 அன்று, சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டனை பெற்ற முதலமைச்சர் ஜெயலலிதா அன்றே பதவி இழந்தார். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்ததும் மீண்டும் முதல்வரானார். 2017 பிப்ரவரியில், அவர் இறந்த பிறகு, உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது.

செந்தில் பாலாஜி விவகாரம் வேறு மாதிரி. இதில் தண்டனையே இல்லை. 2011-க்கும் 2015-க்கும் இடையே அ.தி.மு.க. ஆட்சியில் போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்தபோது, வேலை வாங்கித் தருவதாகப் பணம் பெறப்பட்டது என்பது புகார். அதிலிருந்து கிளம்பிய பணமோசடி வழக்கில் 2023 ஜூன் 14 அன்று அமலாக்கத் துறை அவரைக் கைது செய்தது. பிறகு நடந்ததைப் பாருங்க:

• கைதான பிறகும் 'இலாகா இல்லாத அமைச்சராக' தொடர்ந்தார்.
• 2023 ஜூன் 29 அன்று ஆளுநர் ஆர்.என்.ரவி அவரை நீக்கி உத்தரவிட்டார். அன்றிரவே அதை நிறுத்தி வைத்தார்.
• 2024 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார்.
• 2024 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. மூன்றே நாளில், செப்டம்பர் 29 அன்று, மீண்டும் அமைச்சரானார்.
• சாட்சிகள் அச்சமின்றிப் பேச முடியுமா என்று கவலைப்பட்ட உச்ச நீதிமன்றம், 2025 ஏப்ரலில் பதவியா, ஜாமீனா என்று முடிவு செய்யச் சொன்னது. ஏப்ரல் 27 அன்று ராஜினாமா செய்தார்.

இத்தனை நாளும் சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி கிடையாது. 471 நாள் சிறையில் இருந்ததும் தண்டனை கிடையாது. அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடைத்ததில் தப்பில்லை. எல்லோருக்கும் கிடைக்க வேண்டியதுதான் அது.

ஆ.ராசாவின் வழக்கும் இதைத்தான் காட்டுகிறது. 2ஜி விவகாரத்தில் 2010 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். 2011 பிப்ரவரியில் கைதானார். ஊரே தீர்ப்பு எழுதி முடித்த பிறகு, 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. அதை எதிர்த்து சி.பி.ஐ. செய்த மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

பதவி விலகினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரியா?

இல்லை. இதற்கும் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள பழைய உதாரணம் ஒன்று உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழல் எனப் பேசப்படும் முந்த்ரா விவகாரம். 1957-ல் எல்.ஐ.சி. நிறுவனம், ஹரிதாஸ் முந்த்ராவின் 6 நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையிலான கமிஷன் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். 1960-களில் மத்திய அமைச்சரவைக்குத் திரும்பி, மறுபடி நிதியமைச்சராகவும் ஆனார்.

அதே விவகாரத்தில் நிதித்துறைச் செயலாளர் எச்.எம்.படேல் துறை விசாரணையைச் சந்திக்க வேண்டியிருந்தது. அவர் ஊழியர் என்பதால் அவருக்கு வேறு பாதை. அவரும் பின்னர் அரசியலுக்கு வந்து 1977-ல் நிதியமைச்சரானார் என்பது தனிக்கதை.

அரசியல்வாதி பதவி விலகுவது அரசியல் முடிவு. ஒரு ஊழியர் வேலை இழப்பது வயிற்றுப் பிரச்னை. அமைச்சருக்கு எம்.எல்.ஏ. பதவி மிச்சமிருக்கும், கட்சி இருக்கும், அடுத்த தேர்தல் இருக்கும். மாசம் 5-ம் தேதி இ.எம்.ஐ. கட்டுகிறவருக்கு அடுத்த சம்பளம் மட்டும்தான் இருக்கிறது.

அரசு ஊழியர்: 48 மணி நேரக் கணக்கு

ஆரணி தாலுகாவில் ஒரு வி.ஏ.ஓ. லஞ்சப் புகாரில் கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், அவர் சஸ்பெண்ட் ஆனதாகவே கருதப்படுவார். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17-வது விதி இதைச் சொல்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் 1965-ம் ஆண்டு விதிகளில் இதே 48 மணி நேரம்தான்.

2025 ஆகஸ்டில் பிரதமர் மோடி பீகாரின் கயாவில் பேசும்போது இதைத்தான் ஒப்பிட்டார். 50 மணி நேரம் உள்ளே இருந்தால் டிரைவர், கிளார்க், பியூன் வேலை போய்விடுகிறது, முதல்வர் மட்டும் ஜெயிலில் இருந்தே ஆட்சி செய்யலாமா என்பது அவர் வாதம். அதில் ஒரு திருத்தம் தேவை. அரசு ஊழியரின் வேலை 'போவதில்லை'. சஸ்பெண்ட் ஆகிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். சஸ்பெண்ட் என்பது தண்டனை இல்லை, விசாரணை முடியும் வரை ஒதுக்கி வைப்பது. அந்தக் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. தொடக்கத்தில் சுமார் பாதிச் சம்பளம், பிறகு கூடலாம். வேலையை விட்டு நீக்க வேண்டுமானால் 311-வது பிரிவின்படி குற்றச்சாட்டைச் சொல்லி, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்த வேண்டும். கோர்ட்டில் தண்டனை பெற்றவர் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

சஸ்பெண்ட்டையும் இழுத்துக்கொண்டே போக முடியாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் 3 மாதத்துக்கு மேல் சஸ்பெண்ட்டில் வைக்கக் கூடாது என்று 2015-ல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றம் என்னவென்றே சொல்லாமல் ஒருவரை ஊர் முன்னால் அவமானத்தில் நிறுத்துவது சரியில்லை என்பதே அதன் சாரம்.

பிழைப்பூதியம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு வழக்கு. பழைய பம்பாய் விதி ஒன்றில், கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று மேல்முறையீடு செய்திருக்கும் ஊழியருக்கு மாசம் 1 ரூபாய் மட்டும் பிழைப்பூதியம் என்று இருந்தது. ஆமாம், ஒரே ஒரு ரூபாய். 1983-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

அமைச்சருக்கும் இப்படி ஒரு விதி வருமா?

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் 130-வது அரசமைப்புத் திருத்த மசோதா அறிமுகமானது. 5 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் கைதாகி, தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால், பிரதமரோ முதல்வரோ அமைச்சரோ 31-வது நாள் பதவி இழப்பார் என்பது அதன் சாரம். மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது.

ஆதரிப்பவர்கள், கிளார்க்குக்கு உள்ள விதி அமைச்சருக்கும் வேண்டும் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள், கைது செய்யும் அமைப்புகள் மத்திய அரசின் கையில் இருக்கும்போது 30 நாள் காவல் என்பது எதிர்க்கட்சி ஆட்சியைக் கவிழ்க்கும் கருவியாகிவிடும் என்கிறார்கள். இரண்டு வாதத்திலும் விஷயம் இருக்கிறது. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்க: கிளார்க்குக்கு சஸ்பெண்ட் ஆனால் பாதிச் சம்பளமும், விசாரணையும், திரும்பி வரும் வழியும் விதியிலேயே இருக்கிறது.

கோலார் தங்க வயல் சொல்லும் பாடம்

இப்போ கம்பெனி ஊழியர்களுக்கு வருவோம். இந்த விஷயத்தில் வக்கீல்கள் அடிக்கடி காட்டும் தீர்ப்பு, நமக்குப் பக்கத்திலேயே உள்ள கோலார் தங்க வயலில் இருந்து வந்தது. பால் ஆண்டனி எதிர் பாரத் கோல்டு மைன்ஸ், 1999.

பொதுத்துறை நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸில் அவர் பாதுகாப்பு அதிகாரி. 1985 ஜூனில் போலீஸ் அவர் வீட்டில் சோதனை போட்டு, 4.5 கிராம் தங்க உருண்டையும் 1,276 கிராம் தங்கம் கலந்த மண்ணும் எடுத்ததாகச் சொன்னது. உடனே சஸ்பெண்ட். ஒருபக்கம் கிரிமினல் வழக்கு, இன்னொரு பக்கம் கம்பெனி விசாரணை. பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. கையில் காசில்லாத அவர் கேரளாவில் சொந்த ஊருக்குப் போய்விட்டார். விசாரணைக்கு வர முடியவில்லை. அவர் இல்லாமலேயே விசாரணையை முடித்து, 1986 ஜூனில் வேலையை விட்டு நீக்கினார்கள். எட்டு மாதம் கழித்து, 1987 பிப்ரவரியில், கிரிமினல் கோர்ட் அவரை விடுவித்தது. அந்தச் சோதனை நிரூபிக்கப்படவில்லை என்றது.

உச்ச நீதிமன்றம் 1999 மார்ச்சில் அவர் பக்கம் நின்றது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று:

• கிரிமினல் வழக்கும் ஆபீஸ் விசாரணையும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே சம்பவம், ஒரே சாட்சியம் என்றால், குற்றச்சாட்டு கடுமையாகவும் சிக்கலாகவும் இருந்தால், ஆபீஸ் விசாரணையை நிறுத்தி வைப்பது விரும்பத்தக்கது.
• பிழைப்பூதியம் கொடுக்காமல் பட்டினி போட்டுவிட்டு, 'விசாரணைக்கு வரலை' என்று நீக்க முடியாது.
• ஒரே சாட்சியத்தை வைத்து கோர்ட் நம்பாமல் விடுவித்தபின், அதே சாட்சியத்தை வைத்து வேலைநீக்கத்தைத் தக்கவைப்பது நியாயமில்லை.

'சந்தேகத்தின் பலன்' என்று விடுதலையான எல்லோருக்கும் இது தானாகப் பொருந்தாது. வழக்குக்கு வழக்கு மாறும். அவருக்கு வேலையும் பழைய சம்பளமும் கிடைக்க உத்தரவு வந்தது. ஆனால் அதற்குள் 14 வருஷம் ஓடிப்போச்சு.

உங்க ஆபீஸில் புகார் வந்தால்?

தனியார் ஊழியர்களுக்கு 311-வது பிரிவு பொருந்தாது. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் 1981-லேயே பிழைப்பூதியத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. விசாரணை முடியாத சஸ்பெண்ட்டில் முதல் 90 நாளுக்கு 50 சதவீதம், 180 நாள் வரை 75 சதவீதம், அதற்கு மேல் போனால் முழுச் சம்பளம். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும், சஸ்பெண்ட்டான தொழிலாளி மீதான விசாரணையைப் பொதுவாக 90 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது.

கடைகள், ஆபீஸ்களுக்கு 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது என்கிறது அதன் 41-வது பிரிவு. ஒழுங்கீனம் என்று காரணம் சொன்னால், விசாரணை நடத்திச் சாட்சியம் பதிவு செய்திருக்க வேண்டும். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று போட்டிருந்தாலே நீங்க நிர்வாகி ஆகிவிட மாட்டீங்க. உண்மையில் என்ன வேலை செய்றீங்க என்பதைத்தான் பார்ப்பார்கள்.

புகார் என்று ஹெச்.ஆர். கூப்பிட்டால் மனதில் வைக்க வேண்டியவை:

• குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்க. தேதி, சம்பவம், எந்த விதி மீறல் என்பது அதில் இருக்க வேண்டும்.
• அந்த அறையிலேயே ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னால் அவசரப்படாதீங்க. ராஜினாமா செய்துவிட்டால் 'நீக்கினார்கள்' என்று சொல்லி வழக்குப் போடுவது கஷ்டம்.
• உங்களுக்கு எதிரான ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்புக் கேளுங்க. புகார் கொடுத்தவரே நீதிபதியாக உட்கார முடியாது.
• விசாரணை அறிக்கையின் நகல் கேளுங்க. தண்டனைக்கு முன் அதைக் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் கருணாகர் வழக்கில் சொல்லியிருக்கிறது.
• மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. சீக்கிரமே ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலைப் பாருங்க.

புகார் கொடுத்தவருக்கு என்ன நியாயம்?

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 'நிரூபிக்கப்படும் வரை நிரபராதி' என்ற வரியைப் புகார் கொடுத்தவரின் வாயை அடைக்கவும் பயன்படுத்துகிறார்கள். பாலியல் தொல்லை பற்றி ஒரு பெண் சொன்னால், 'கோர்ட்டுக்குப் போய் நிரூபி' என்கிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், 2013-ன்படி உள் புகார்க் குழு 90 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போதே, புகார் கொடுத்த பெண் கேட்டால், இருவரில் ஒருவரை இடமாற்றம் செய்யவோ, அவருக்கு 3 மாதம் வரை விடுப்பு தரவோ குழு பரிந்துரைக்கலாம். இதில் யாரையும் குற்றவாளி என்று அறிவிப்பதில்லை. புகார் கொடுத்தவர் பயமில்லாமல் பேசவும், புகாருக்கு ஆளானவர் பதில் சொல்லவும் இடம் கொடுக்கிறார்கள். நல்ல விசாரணை இரண்டு பேருக்கும் தேவை.

இப்போ பெரியப்பா கேள்விக்கு வருவோம்

மேலே சொன்ன எல்லாப் பாதுகாப்பும் ஒரு கதவைத் தாண்டினால்தான் கிடைக்கும். 'நீங்க தொழிலாளியா?' என்பதுதான் அந்தக் கதவு.

ஆரணியில் தன் வீட்டில், தன் தறியில், முதலாளி கொடுத்த பாவை நெய்து, புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் யார்? அவருக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. வேலையை விட்டு நீக்கும் உத்தரவும் இல்லை, ஏனென்றால் நீக்கவே வேண்டியதில்லை. அடுத்த பாவு கொடுக்காமல் இருந்தால் போதும். முன்பணம் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் இறுக்கம். கடன் அப்படியே நிற்கும், வேலை மட்டும் நின்றுவிடும்.

சட்டம் இவர்களை முழுசாக மறந்துவிடவில்லை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தையல்காரர்களும் ஊழியர்கள்தான் என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் சொன்னது. ஆனால் அவர்கள் கடைக்கு வந்து தைத்தவர்கள். வீட்டில் பீடி சுற்றும் பெண்களை 1966-ம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்தது. நியாயமான காரணமும் நோட்டீஸும் இல்லாமல் அவர்களை நிறுத்தக் கூடாது என்றது. ஆரணியிலிருந்து அதிக தூரமில்லாத குடியாத்தத்தில் வீட்டில் பீடி சுற்றியவருக்கு ஏட்டிலாவது இருந்த அந்தப் பாதுகாப்பு, வீட்டில் பட்டு நெய்தவருக்கு அந்த அளவுக்குத் தெளிவாக எழுதப்படவே இல்லை.

சரி, அந்த 20 கிராம் எங்கே போச்சு? ஒரு சின்ன விசாரணை நடந்திருந்தால் யாராவது ஒருவர் கேட்டிருப்பார். பட்டு ஈரத்தை நன்றாக உறிஞ்சும் நூல். முழுக்க உலர்ந்த 1 கிலோ பட்டில் 110 கிராம், அதாவது 11 சதவீதம், ஈரப்பதம் இருக்கும் என்று கணக்கு வைத்துத்தான் உலகம் முழுக்கப் பட்டு வணிகம் நடக்கிறது. மழைக்காலத்தில் எடை போட்டு வாங்கிய நூலை, வறண்ட மாசத்தில் புடவையாகத் திருப்பிக் கொடுத்தால் எடை குறையத்தான் செய்யும். நெய்யும்போது அறுந்து விழும் கழிவு நூல் தனி. பெரியப்பா விஷயத்தில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இப்படியும் நடந்திருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நாள் கூட கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

முதலாளி பக்கமும் நியாயம் இருக்கு. பட்டும் ஜரிகையும் விலை உயர்ந்த பொருள். பத்து வீட்டில் பரவிக் கிடக்கும் சரக்குக்கு அவர்தான் பொறுப்பு. நம்பிக்கை போனால் தொழில் நடக்காது. அதற்காக அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, பெரிய விசாரணைக் கமிஷனும் வேண்டாம். பொருள் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடையும் தேதியும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு, ஈரத்துக்கும் கழிவுக்கும் முன்பே பேசி வைத்த ஒரு அளவு, குறைந்தால் விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்பு, பேச்சு முற்றினால் இரண்டு பேரும் ஏற்கும் ஒரு மூன்றாவது ஆள். இவ்வளவு இருந்தாலே போதும். பெரிய கம்பெனி விசாரணையிலும் அடிப்படையாக இருப்பது இதே நாலு விஷயம்தான்.

'நிரூபிக்கப்படும் வரை நிரபராதி' என்பதை அப்படியே ஒவ்வொரு ஆபீஸுக்கும் தறி வீட்டுக்கும் கொண்டுவர முடியாது. கொண்டுவர வேண்டியதும் இல்லை. 'கேட்காமல் தண்டிக்காதே' என்பதை மட்டும் எல்லா இடத்துக்கும் கொண்டுவரலாம். அமைச்சருக்கு அதைக் கேட்டு வாங்கித்தர மூத்த வக்கீல்கள் இருக்கிறார்கள். அரசு ஊழியருக்கு விதிப் புத்தகம் இருக்கிறது. கம்பெனி ஊழியருக்குச் சட்டம் தெரிந்தால் வழி இருக்கிறது. கூலி நெசவாளிக்கு முதலாளியின் மனசு மட்டும்தான் இருக்கிறது.

பெரியப்பா இப்போ வேறொரு முதலாளிக்கு நெய்கிறார். தறிக்கு மேல ஆணியில் ஒரு பழைய டைரி தொங்குது. பாவு வாங்கின தேதி, பட்டு எடை, ஜரிகை எடை, புடவை கொடுத்த தேதி, எல்லாம் எழுதி வைக்கிறார். முதல் தடவை அதில் கையெழுத்துக் கேட்டபோது முதலாளி, "என்னப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தாராம்.

"உங்க மேல நம்பிக்கை இருக்குங்க. நாளைக்கு என் மேல உங்களுக்கு இருக்கணும்ல, அதுக்குத்தான்" என்றாராம் பெரியப்பா. முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார்.